ஆடுகளத்தில் நிழற்படம்: இசைவும் அந்தரங்கமும்

விளையாட்டு என்பது பலர் காண நிகழ்வது. ஓட்டப் பந்தயமாயினும் காற்பந்தாட்டமாயினும் காண்பார் இல்லையேல் அதற்குச் சுவை இல்லை. அவ்வாறிருக்க, ஆயிரம் பேர் கண்முன் நடக்கும் ஒன்றைப் படம் எடுப்பதற்கு எவருடைய இசைவு வேண்டும்? எல்லாரும் கண்டதைத்தானே கருவியும் கண்டது? இவ்வாறு கேட்பார் பலர். கேள்வி நேர்மையானதே. ஆயினும் அதற்குரிய விடை அத்துணை எளிதன்று. நூறாண்டுக்கு மேலாகப் பல நாட்டு நீதிமன்றங்கள் இவ்வினாவை ஆராய்ந்து வந்துள்ளன. ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவுகளும் கண்டுள்ளன.

இவ்வினா இன்று நம் ஆசிரியப் பெருமக்களின் வாயிலுக்கே வந்து நிற்கிறது. முன்னாளில் பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் பட்டணத்து நிழற்பட நிலையத்தார் ஒருவர் வருவார். வென்றவர்கள் மேடையில் நிற்பதையும், சிறப்பு விருந்தினர் கிண்ணம் வழங்குவதையும் எடுப்பார். அப்படங்கள் பள்ளி மலரில் ஏறும்; அவ்வளவே. இன்றோ திடலைச் சுற்றி நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. மாலைக்குள் நூற்றுக்கணக்கான படங்கள் புலனக் குழுக்களிலும் முகநூலிலும் பரவிவிடுகின்றன. எடுத்தவர் யார், எடுக்கப்பட்ட பிள்ளை யார், பார்ப்பவர் எவர் என்பதை ஒருவரும் அறியார். ஆகவே இப்பொருளைச் சற்று நிதானமாக நோக்குதல் வேண்டும்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். அந்தரங்கம் என்ற வடசொல்லை நாம் பெரும்பாலும் இரகசியம் என்ற பொருளிலேயே ஆள்கிறோம். சட்டத்தார் கருதுவது அதனினும் விரிந்தது. தோற்ற வீரன் ஒருவன் திடலில் அமர்ந்து அழுவது இரகசியம் அன்று. கூடியிருந்தோர் அனைவரும் கண்டனர். ஆயினும் அந்த அழுகையைப் பெரிதாக்கி ஒரு கடையின் வாயிலில் மாட்டுவதை எவரும் ஒப்பார். மறைவாக இல்லாத ஒன்றிலும் மனிதனுக்கு உரியதொரு பங்கு இருக்கிறது. அப்பங்கையே ஈண்டு அந்தரங்கம் என்கிறோம். தனிமை என்று தமிழாக்கலாம் என்பாரும் உளர். அச்சொல் ஆள் துணையற்ற நிலையையும் குறிக்குமாதலால் குழப்பம் விளையும். இசைவு என்ற சொல்லிலோ ஒரு குறையும் இல்லை. இசைதல் என்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வாளாவிருந்தார் என்பதைக் கொண்டு இசைந்தார் என்று சொல்லிவிட முடியாது.

கருவி பிறப்பித்த கேள்வி

நிழற்படக் கலையின் தொடக்க நாள்களில் இசைவு என்ற சிக்கலே எழவில்லை. படம் பதிய நெடுநேரம் பிடித்தமையால், எடுக்கப்படுபவர் கல்லைப் போல் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு அமர்ந்ததே இசைவுக்குச் சான்று. 1888-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் என்னும் கைக்கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன்பின் நிலைமை மாறிற்று. நடந்து செல்பவரையும் ஓடுபவரையும் அவர் அறியாமலே படத்தில் பிடிக்க முடிந்தது.

இரண்டே ஆண்டு கழித்து, 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் பாஸ்டன் நகர வழக்கறிஞர் இருவர் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். அந்தரங்க உரிமை என்பதைத் தனியொரு சட்ட உரிமையாக நாட்ட முயன்ற முதன்மையான எழுத்து அதுவே எனலாம். முன்பு ஒருவர் தாமே சென்று அமர்ந்தாலன்றிப் படம் எடுக்க இயலாதாகையால், வாக்கு மீறல் என்ற பழைய சட்டமே போதுமானதாயிருந்தது. நொடியில் படம் எடுக்கும் கருவி வந்தபின் அது போதாது என்பது அவர்கள் வாதம். பிராண்டைஸ் பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

ஆயினும் நீதிமன்றங்கள் உடனே இணங்கிவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவள் அறியாமல் மாவு விளம்பரத்தில் அச்சிட்டு, ஏறத்தாழ 25,000 படிகளைக் கடைகளிலும் மதுச்சாலைகளிலும் ஒட்டினார்கள். அவள் வழக்குத் தொடுத்தாள். 1902-இல் அம்மாநில மேல் நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகப் பிரிந்து, அவளுக்கு உரிமை இல்லை என்றது. மக்கள் கொதித்தனர். மறு ஆண்டே சட்டமன்றம், ஒருவர் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்த எழுத்து வடிவில் இசைவு வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் செய்தியைத் தொடவில்லை என்பது நோக்கற்பாலது. செய்தி வேறு, வணிகம் வேறு என்ற கோடு அன்று வரையப்பட்டது. இன்றளவும் பல நாடுகளில் அக்கோடே நிற்கிறது.

செருமனியின் கதை இன்னும் வியப்புடையது. 1898-இல் பிஸ்மார்க் இறந்த இரவில் நிழற்படக்காரர் இருவர் அவர் மாளிகைக்குள் புகுந்து, இறந்து கிடந்தவரைப் படம் எடுத்து விற்க முயன்றனர். இதனால் எழுந்த வழக்கும் கிளர்ச்சியும் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி கோலின. ஒருவர் உருவத்தை அவர் இசைவின்றிப் பரப்பவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்பது அச்சட்டத்தின் பொது விதி. பலர் கூடும் கூட்டங்கள், காலத்தின் வரலாற்றைச் சேர்ந்த நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. எனினும், படத்தில் உள்ளவரின் நியாயமான நலனுக்கு ஊறு வருமாயின் அவ்விலக்குச் செல்லாது. அமெரிக்கர் எடுக்கலாம் என்று தொடங்கித் தடைகளைச் சேர்த்தனர். செருமானியர் இசைவு வேண்டும் என்று தொடங்கி விலக்குகளைச் சேர்த்தனர்.

காட்சிக்கு உடைமையாளர் உண்டோ?

விளையாட்டு அரங்கில் முதலில் எழுந்த சண்டை மனிதருடைய அந்தரங்கம் பற்றியது அன்று, பணம் பற்றியது. இங்கிலாந்தில் மகளிர் சங்கம் ஒன்று நாய்க் கண்காட்சி நடத்திற்று. படம் எடுக்கும் தனியுரிமையை ஒரு செய்திப்பட நிறுவனத்துக்கு விற்றது. மற்றொருவர் உள்ளே சென்று படம் எடுத்து ஓர் இதழுக்குக் கொடுத்துவிட்டார். 1916-இலும், மேல்முறையீட்டில் 1917-இலும் நீதிமன்றம் அவரைத் தடுக்க மறுத்தது. கண்ணால் காணும் காட்சி எவருடைய உடைமையும் அன்று. தடுக்க விரும்பினால் நுழைவுச் சீட்டிலேயே நிபந்தனை விதித்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஆஸ்திரேலியாவிலும் 1937-இல் இத்தகைய முடிவே கிட்டியது. சிட்னிக் குதிரைப் பந்தயத் திடலை அடுத்த வீட்டார் ஒருவர் தம் நிலத்தில் பரண் கட்டி, அதன் மேலிருந்து பந்தயத்தை வானொலியில் வருணிக்க இடங்கொடுத்தார். அது குற்றமன்று என அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் ஐவருள் மூவர் கூறினர்.

இன்று எந்தப் பெரிய அரங்கின் நுழைவுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாலும் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். உள்ளே வருபவர் படம் எடுக்கப்படவும் ஒளிபரப்பப்படவும் இசைகிறார் என்று அவை கூறும். நாய்க் கண்காட்சி வழக்கு கற்பித்த பாடத்தின் விளைவு என்று அவ்வரிகளைக் கருதலாம். படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் சீட்டில் உள்ளதை இசைவு என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. சட்டத்துக்கு அது போதும், மனச்சான்றுக்குப் போதாது.

இனி வீரர்களிடம் வருவோம். இங்கிலாந்தில் சிரில் டாலி என்பவர் புகழ்பெற்ற கோல்ப் ஆட்டக்காரர். ஊதியம் பெறாமல் ஆடியவர். 1928-இல் ஒரு சாக்லேட் நிறுவனம் அவரை வேடிக்கைச் சித்திரமாக வரைந்து, அவர் பையில் தன் சாக்லேட் துருத்திக்கொண்டிருப்பதாகக் காட்டி விளம்பரம் செய்தது. அவருடைய இசைவைக் கேட்கவேயில்லை. 1931-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்த்தது. எதன் அடிப்படையில் என்பதுதான் கருதத்தக்கது. உருவத்தின் மீது அவருக்கு உரிமை உண்டு என்பதனால் அன்று. ஊதியம் வாங்காத ஆட்டக்காரர் விளம்பரத்துக்குப் பணம் வாங்கிவிட்டார் என்று காண்போர் கருதுவர், அது அவர் பெயருக்கு இழுக்கு என்பதனால் வென்றார். பணத்துக்கு ஆடுபவராக இருந்திருந்தால் அவர் தோற்றிருக்கவும் கூடும்!

அமெரிக்கக் காற்பந்து வீரர் டேவி ஓப்ரியனின் வழக்கு ஆசிரியர்கள் அனைவரும் அறியவேண்டியது. அவர் டெக்சஸ் கிறித்துவப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே நாடறிந்த வீரரானார். இளைஞர் மது அருந்தலாகாது என்று பாடுபட்ட ஓர் இயக்கத்தில் ஈடுபட்டவர். மது விளம்பரங்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லியும் மறுத்தவர். அத்தகையவரின் படம் 1939-ஆம் ஆண்டுக்கான நாள்காட்டி ஒன்றில், பீர்ப் புட்டிக்கும் கோப்பைக்கும் அருகே வெளிவந்தது. மது நிறுவனத்துக்குப் படத்தைக் கொடுத்தது யார்? அவருடைய பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பகுதியே! விளையாட்டுச் செய்திகளுக்கென்று எடுத்துவைத்த படங்களை, கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பது போல் அவர்களுக்கும் கொடுத்துவிட்டது. 1941-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓப்ரியனுக்கு எதிராகத் தீர்த்தது. அவரே புகழை நாடியவர், அப்படங்களை எடுக்க இசைந்தவர் என்றனர் பெரும்பான்மையோர். நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1953-இல் மற்றோர் அமெரிக்க நீதிமன்றம், சூயிங்கம் பொட்டலங்களோடு விற்கப்பட்ட பேஸ்பால் வீரர் படங்களைப் பற்றிய வழக்கில், தன் உருவத்தால் விளையும் வணிகப் பயன் அவ்வீரனுக்கே உரிய சொத்து என்று ஏற்றது. ஆயினும் ஓப்ரியனின் துன்பம் வணிகப் பயனை இழந்ததனால் வந்தது அன்று. அவர் பணத்தை வேண்டாம் என்றவர். தாம் வெறுத்த ஒன்றுக்குத் தம் முகமே சான்றாக நின்றதே என்பதுதான் அவர் துயரம். ஒரு பயனுக்கென்று இசைந்து கொடுத்த படம் மற்றொரு பயனுக்குக் கை மாறுகையில், பழைய இசைவு அதனுடன் செல்வதில்லை. சட்டம் எவ்வாறு கூறினும், இம்முழுச் சிக்கலின் மையமும் இதுவே என்று நான் கொள்கிறேன்.

வேடிக்கை பார்க்க வந்தவர்

வீரர்களாவது புகழை நாடியவர்கள் என்று சொல்லலாம். கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்? 1973-இல் அமெரிக்காவில் ஒரு காற்பந்தாட்டத்தின்போது, பிட்ஸ்பர்க் அணியின் அன்பர் சிலர் குதூகலித்துக்கொண்டிருந்தனர். விளையாட்டு இதழ் ஒன்றின் நிழற்படக்காரர் அருகில் வந்ததும் தங்களைப் படம் எடுக்கும்படி உற்சாகமாகக் கூவினர். அவர் பல படங்கள் எடுத்தார். 1974-இல் வெளியான இதழில், அவர்களுள் ஒருவருடைய காற்சட்டையின் முன்புறம் திறந்திருந்த படமே அச்சேறியது. அவர் கல்வித் துறையில் பணிபுரிந்தவர். 1976-இல் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. இதழ் செய்தது மிக இழிந்த சுவையின்பாற்பட்டது என்று நீதிபதியே கருதினார். ஆயினும் பொது இடத்தில், அவர் அறிய, அவர் ஊக்கத்தோடு எடுத்த படம் என்பதால் சட்டம் தலையிடாது என்றார்.

எடுங்கள் என்று கூவியவர் உண்மையில் எதற்கு இசைந்தார்? மகிழ்ச்சியாய் இருக்கும் தம்மை எடுப்பதற்கு. பல படங்களுள் தம்மைச் சிறுமைப்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு அவர் இசையவில்லை. எடுத்தல், தேர்தல், வெளியிடுதல் ஆகியவை வெவ்வேறு செயல்கள். டெக்சஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் காற்பந்தாடுகையில் ஆடை விலகிய நிலையில் எடுத்த படத்தை ஒரு நாளிதழ் வெளியிட்டது. 1991-இல் அவ்வழக்கிலும் நாளிதழே வென்றது. ஆட்டம் பொது நிகழ்ச்சி, படம் உண்மையானது என்பன காரணங்கள். உண்மையா என்று மட்டும் கேட்டால் அப்பையனுக்குப் பாதுகாப்பே இல்லை.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998-இல் வழங்கிய தீர்ப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. மொன்ட்ரியால் நகரில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கலை இதழ் ஒன்று அவள் இசைவின்றி வெளியிட்டது. இழிவான படம் அன்று; அழகான படம். எனினும் உடன் பயின்றோர் நகைத்ததால் அவள் மனம் வருந்தினாள். கியூபெக் மாநில உரிமைச் சாசனத்தின்படி நீதிமன்றம் அவளுக்கு 2,000 டாலர் இழப்பீடு அளித்தது. ஈண்டு நமக்குப் பயன்படுவது அத்தீர்ப்பில் நீதிபதிகள் வகுத்த வேறுபாடு. விளையாட்டைக் காணக் கூடிய கூட்டத்தையோ ஊர்வலத்தையோ எடுக்கும்போது அதில் ஒருவர் முகம் தெரியலாம். அவர் காட்சியின் ஓர் உறுப்பு மட்டுமே. முறையிட அவருக்கு இடமில்லை. பொது இடமானது வெறும் பின்புலமாகி, ஒருவரே படத்தின் உண்மைப் பொருளாகிவிட்டால், இடம் பொதுவானது என்ற வாதம் அங்கே எடுபடாது.

இதனை நம் திடலில் வைத்துப் பார்ப்போம். நூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டுப் பிள்ளைகள் பாய்ந்து வரும் படம் ஓட்டத்தின் படம். கூடாரத்தின் கீழ் கைதட்டும் பெற்றோரின் படம் கூட்டத்தின் படம். கடைசியாக வந்து விழுந்து, முழங்காலில் குருதியோடு அழும் ஒரு சிறுமியை நெருங்கி எடுத்தால், அது ஓட்டத்தின் படம் அன்று, அவளுடைய படம். கருவியில் தொலைவை இழுத்துக் காட்டும் வில்லை இருப்பதால், எடுப்பவர் நின்ற இடத்திலிருந்தே கூட்டத்தின் படத்தை ஒருத்தியின் படமாக மாற்றிவிட முடிகிறது. அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

வீராங்கனைகளின் முறையீடு

மகளிர் விளையாட்டில் இக்கேடு வேறோர் உருவம் கொள்கிறது. ஓட்டம், நீச்சல், சீருடற்பயிற்சி ஆகியவற்றில் உடையைக் குறைத்து அணிவது ஆட்டத்தின் தேவை. அதனைக் காரணமாகக் கொண்டு, ஆட்டத்தை விட்டு உடலின் பகுதிகளை மட்டும் குறிவைத்துப் படம் எடுத்துப் பரப்புவோர் உளர். ஜப்பானில் வீராங்கனைகள் இதைப் பற்றி வெளிப்படையாக முறையிட்டனர். அதன் விளைவாக அந்நாட்டு ஒலிம்பிக் குழுவும் பிற விளையாட்டு அமைப்புகளும் 2020 நவம்பரில் கூட்டாகக் கண்டன அறிக்கை வெளியிட்டன. உடையை ஊடுருவிக் காட்டும் அகச்சிவப்புக் கருவிகளும் பயன்படுத்தப்பட்டமை அப்போது பேசப்பட்டது. 2023 ஜூலையில் ஜப்பான் இழிந்த நோக்குடன் களவாகப் படம் எடுப்பதைத் தண்டிக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆயினும் ஆடுகளத்தில் விளையாட்டு உடையோடு இருப்பவரை எடுப்பது அச்சட்டத்துள் அடங்கவில்லை. ஆட்டத்தைப் படமெடுப்பதற்கும் உடலைப் படமெடுப்பதற்கும் இடையே சட்டச் சொற்களால் கோடு வரைவது அத்துணைக் கடினமாயிற்று. செருமனியின் சீருடற்பயிற்சி வீராங்கனைகள் 2021-இல் பாசல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும், பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கணுக்கால் வரை மூடிய உடையணிந்து களமிறங்கினர். சட்டத்துக்குக் காத்திராமல் தாங்களே கண்ட விடை அது.

இத்தனையும் கண்டு, இசைவின்றி எவரும் எதையும் எடுக்கக் கூடாது என்று ஒரேயடியாக விதித்துவிடலாமா? கூடாது. 1967-ஆம் ஆண்டு பாஸ்டன் நெடுந்தொலைவோட்டத்தில் கேத்தரின் சுவிட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணைத் தாங்கி ஓடினார். அவ்வோட்டம் ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட காலம் அது. போட்டி அலுவலர் ஒருவர் பாய்ந்து வந்து அவர் எண்ணைப் பறிக்க முயன்றார். செய்தியாளர் எடுத்த அப்படங்கள் உலகெங்கும் சென்றன. மகளிர் ஓட்ட வரலாற்றையே அவை மாற்றின எனலாம். அந்த அலுவலரின் இசைவைக் கேட்டிருந்தால் அப்படங்கள் வெளிவந்திருக்குமா? வலியார் செய்வதைப் பதிவு செய்வதற்கு அவரிடமே இசைவு கேள் என்பது நீதியாகாது. இசைவின் தேவை படத்திலுள்ளவர் எளியவராக ஆக மிகும். அதிகாரத்தோடு நின்று செயலாற்றுபவராக ஆகக் குறையும். எல்லாரினும் எளியவர் பிள்ளைகள்.

நம் இரு நாடுகளில்

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளைத் தழுவியது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. குடும்பத்துக்கென்று எடுக்கும் படங்களுக்கும் அதில் விலக்கு உண்டு. சிங்கப்பூரின் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதன் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடைமுறையில் உள்ளன. அங்கும் பொதுத்துறை அமைப்புகள் அச்சட்டத்துக்கு அப்பாற்பட்டவை. தமக்கென எடுக்கும் தனியாருக்கும், செய்திப் பணிக்கென எடுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் விலக்குகள் உள. பொதுமக்கள் எவரும் வரக்கூடிய நிகழ்ச்சியில் வெளிப்படையாகக் காணத்தக்கதை இசைவின்றியே திரட்டலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அழைக்கப்பட்டவர் மட்டுமே வரும் பள்ளி நிகழ்ச்சியை அவ்வாறு பொதுவானது என்று சொல்லிவிட முடியாது. இரு சட்டங்களிலும் கொடுத்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

பிள்ளைகள் பற்றி இரு நாடுகளும் வேறுபடுகின்றன. மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, 18 வயதுக்குட்பட்டவர் சார்பில் பெற்றோரோ காப்பாளரோ இசைய வேண்டும். சிங்கப்பூர் ஆணையத்தின் வழிகாட்டியோ, 13 வயது நிரம்பியவர் பெரும்பாலும் தாமே பொருளுணர்ந்து இசையத் தக்கவர் எனக் கொள்கிறது. இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. படிவத்தில் தந்தை கையொப்பமிட்டுவிட்டார் என்பதற்காக, என்னை எடுக்காதீர்கள் என்று முகத்தைத் திருப்பும் 14 வயதுப் பெண்ணை எடுக்கலாமா? எந்த நாட்டுச் சட்டம் எவ்வாறிருப்பினும், எடுக்கக் கூடாது என்றே சொல்வேன்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்பார்க்கு ஒன்று கூறவேண்டும். கொடுமை செய்த ஒருவரிடமிருந்து பிரிந்து, தாயோடு வேற்றூரில் மறைந்து வாழும் பிள்ளைகள் பள்ளிகளில் இருக்கக்கூடும். அத்தகைய பிள்ளைக்கு, வென்ற படத்தோடு பெயரும் பள்ளியும் வெளிவருவது பெருமையன்று. தேடுபவர் கையில் கொடுத்த முகவரி. முகத்தைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் கணினி முறைகள் பெருகிவிட்ட இந்நாளில், பெயரை விட்டுவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

பெயர் சுட்டுதல் பற்றித் தமிழாசிரியர்க்கு நான் விளக்கத் தேவையில்லை. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த மரபு. புறத்தில் பெயர் வரலாம், வரவும் வேண்டும். நெடுநல்வாடையில் எப்பெயரும் இல்லை. ஆயினும் வேம்பு சூட்டிய வேலைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. ஆதலின் அது அகமாகாது என்றார் நச்சினார்க்கினியர். பெயரை மறைத்தும் ஒரு பூ ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது! பள்ளிச் சட்டையில் உள்ள சின்னமும், முதுகில் உள்ள எண்ணும், பின்னே தெரியும் பெயர்ப் பலகையும் இன்று அந்த வேம்பின் வேலையைச் செய்கின்றன. ஆகவே படத்தை வெளியிடுமுன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. பல கைப்பேசிகள், எடுத்த இடத்தையும் நேரத்தையும் படத்தோடு சேர்த்தே பதிந்துவிடுகின்றன. அக்குறிப்பை நீக்கிய பின்னரே அனுப்புதல் நன்று.

பள்ளிகள் இசைவுப் படிவம் வாங்குவது இப்போது வழக்கமாகி வருகிறது. பள்ளி நிகழ்ச்சிகளில் எடுக்கும் படங்களைப் பள்ளி விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்ற ஒற்றை வரியில் கையொப்பம் வாங்கினால், ஓப்ரியனின் பல்கலைக்கழகம் செய்ததற்கே அது வழி திறக்கும். பள்ளி மலருக்கு, பள்ளியின் இணையப் பக்கத்துக்கு, நாளிதழுக்கு, நன்கொடையாளரின் விளம்பரத்துக்கு என்று தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறிக்க இடம் விடவேண்டும். கிண்ணத்துக்குப் பொருள் உதவிய கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு படம் கேட்பார். அவரிடம் காட்டி மறுப்பதற்கும் அப்படிவமே துணை. இசைவு எத்தனை ஆண்டுக்கு என்றும் எழுதுதல் வேண்டும். ஏழு வயதில் சாக்கோட்டத்தில் குப்புற விழுந்த படத்தைப் பதினேழு வயதில் அவனே விரும்பாமற்போகலாம். நீக்கச் சொல்ல யாரிடம் செல்வது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும்.

இசையாத பிள்ளையை என் செய்வது? அவனைப் போட்டியிலிருந்து விலக்கி வைப்பது பெருந்தவறு. ஓடுவது அவன் உரிமை. படம் பிடிப்பது நம் விருப்பம். அவன் அறியாமலே அடையாளம் கொள்ளும்படி, பள்ளி நியமித்த நிழற்படக்காரரிடம் ஓட்ட எண்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடலாம். கையில் வேறு நிறப் பட்டை கட்டிவிடும் முறை வேண்டாம். எல்லார் கண்ணுக்கும் அவனைத் தனித்துக் காட்டிவிடும். வெற்றி மேடையில் ஒருமுறை படத்துக்கென்றும் ஒருமுறை படமின்றியும் நிற்க வைக்க அரை நிமிடமே ஆகும். பெற்றோருக்கோ, போட்டி தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஒரு வேண்டுகோள் விடுக்கலாம்: உங்கள் பிள்ளையை எடுங்கள், பிறர் பிள்ளையும் சேர்ந்து பதிந்திருந்தால், அப்பிள்ளையின் பெற்றோரைக் கேட்காமல் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள்.